நட்பு விலைக்கு வாங்கிய சாமானை லாபத்துக்கு விற்கலாமா?

கோபி யெஸ்டி:
எல்லோருக்கும் வணக்கமுங்க. பழைய வண்டி வைத்திருக்கும் நாம் ஒருத்தருக்கொருத்தர் சாமான் கொடுத்து வாங்குவதில் ஒரு விஷயம் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் அப்பாவுக்குச் சாமான் சேர்க்கும் பழக்கம் உண்டு. யெஸ்டி பைக் செய்த மைசூர் கம்பெனி 1996இல் மூடிய பிறகு, எந்த ஊர்க் கடையில் யெஸ்டி சாமான் மிச்சம் கிடந்தாலும் போய் வாங்கி வந்துவிடுவார். அதில் ஒன்று யெஸ்டியின் ரோட்கிங் மாடலுக்கான பிஸ்டன். 0.50 ஓவர்சைஸ், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்துவிட்டுப் போடும், அசலைவிட அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன். ரிங், பின், சர்க்ளிப் எல்லாம் சேர்ந்தது. சுற்றியிருந்த எண்ணெய்த்தாள்கூடப் பிரிக்காதது. அட்டைப்பெட்டி மூடியின் உள்பக்கம் என்ன விலை, எந்த ஊர்க் கடை என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

கொஞ்ச நாள் முன்பு ஒருவர் போனில் கூப்பிட்டார். அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஓட்டிய வண்டி, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது, மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) அதில்தான் ஊருக்குள் போக வேண்டும் என்றார். பெட்டியில் எழுதியிருந்த அதே விலைக்குக் கொடுத்தேன். பஸ்ஸில் பார்சல் போட்ட செலவையும் கேட்கவில்லை.

இப்போது அதே பெட்டி வேறோர் இடத்தில் பல மடங்கு விலைக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. படத்தில் மூடி திறந்திருக்கிறது. அப்பாவின் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. எண்ணெய்த்தாள் அப்படியே இருக்கிறது, அதாவது அந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டருக்குள்ளும் போகவே இல்லை.

காசு போனது எனக்குப் பெரிசில்லை. அது ஒரு வண்டிக்குள் போய் ஓட வேண்டும் என்றுதான் கொடுத்தேன். அந்த ஆளின் பேரை நான் சொல்லப்போவதில்லை, யாரும் கேட்க வேண்டாம். நமக்குள் இதற்கென்று ஒரு முறை இருக்க வேண்டுமா, இருந்தால் அது என்ன? அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பெருந்துறை புல்லட்:
படிக்கவே வருத்தமாக இருக்குதுங்க அண்ணா. எங்கள் புல்லட் வட்டத்தில் பெரியவர்கள் வைத்திருக்கும் வழக்கம் ஒன்றுதான்: வாங்கின சாமான் தேவைப்படவில்லை என்றால் முதலில் கொடுத்தவரைக் கேள். அவர் வேண்டாம் என்றால், வாங்கின விலைக்கே அடுத்தவருக்குக் கொடு. வலதுகால் கியர் இருந்த காலத்துக் கியர்பாக்ஸ் சாமான் இன்னமும் கைக்குக் கை அப்படித்தான் போகிறது.

புல்லட்காரர்களுக்குக் கொஞ்சம் வசதி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1955இல் சென்னையில் தொடங்கிய உற்பத்தி இன்றுவரை நிற்கவில்லை. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு வெளியாட்கள் செய்யும் சாமானாவது கிடைத்துவிடும். ஜாவா, யெஸ்டிக்காரர்களின் கஷ்டம் வேறு. அதனால் அவர்களுக்கு இந்த வழக்கம் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பொள்ளாச்சி ஆர்டி:
இதைவிட மோசமானது விலை பரவுவதுதான். ஒருத்தர் பல மடங்கு போட்டு விற்றால், மறுநாள் எல்லோரும் அதையே மார்க்கெட் ரேட் என்கிறார்கள். எஸ்கார்ட்ஸ் 1983இல் கொண்டு வந்த ராஜ்தூத் 350 எங்கள் வண்டி. இரண்டு சிலிண்டர் என்பதால் எதை வாங்கினாலும் ஜோடியாக வாங்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே இந்த வண்டியை ஓட்டும் பையன்கள் சாமான் விலை கேட்டுவிட்டு வண்டியையே விற்கிறார்கள். வாங்குகிறவர் அதை ஹாலில் நிறுத்தி வைக்கிறார். ஓடும் வண்டிகள் குறைந்துகொண்டே போகின்றன.

பழைய சாமான் கோவை:
நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பழைய சாமான் வியாபாரம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

மூடிப்போன கடை ஒன்றின் பரணில் சாமான் இருக்கிறது என்று தகவல் வந்தால், கடைக்காரர் நல்லதை மட்டும் பொறுக்கித் தர மாட்டார். 'எடுத்தால் மொத்தமாக எடு' என்பார். மூட்டையைக் கொண்டுவந்து கொட்டினால் பாதி துரு, மீதியில் பாதி எந்த வண்டியுடையது என்றே தெரியாது. அதை மண்ணெண்ணெயில் கழுவி, அளந்து, இது ஜாவா, இது ராஜ்தூத் என்று பிரிக்கும் வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு நல்ல பிஸ்டனின் விலையில் அந்த மூட்டை முழுவதும் இருக்கிறது. கோவை உக்கடத்தில் எத்தனை பேர் இப்படித் தேடிப் பிரித்து வைத்ததால் இன்றைக்குப் பல வண்டிகள் ஓடுகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

லாபம் வைப்பதைத் தப்பு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இந்த ஆள் செய்தது வியாபாரம் இல்லை. 'அப்புச்சி வண்டி' என்று பொய் சொல்லி வாங்கியிருக்கிறார். வியாபாரி என்று சொல்லியே வாங்கியிருந்தால் கோபி அண்ணா அவர் விலையைச் சொல்லியிருப்பார், இவர் இவர் லாபத்தைப் பார்த்திருப்பார். தப்பு விலையில் இல்லை, அந்தப் பொய்யில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நட்பு விலைக்குக் கொடுக்கிறவர், 'இது உன் வண்டிக்குத்தான், விற்கக் கூடாது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் வைத்துக்கொண்டு பிறகு வருத்தப்பட்டுப் பலனில்லை.

கோபி யெஸ்டி:
பொய்யில்தான் தப்பு என்பது சரி. ஆனால் அதை வாய்விட்டு வேறு சொல்ல வேண்டுமா? வாங்கின விலைக்கே ஒருத்தன் கொடுக்கிறான் என்றால் எதற்குக் கொடுக்கிறான் என்று வாங்குகிறவருக்குத் தெரியாதா?

பெருந்துறை புல்லட்:
தெரியும் அண்ணா. தெரிந்துதான் செய்கிறார்கள். ஆனால் சொல்லிவிட்டால், நாளைக்கு மற்றவர்கள் அவரைக் கேட்க ஒரு பிடி இருக்கும். இதில் கோவைக்காரர் பக்கம்தான் நான்.

கணபதி லேத்:
நான் வண்டி சேர்க்கிறவன் இல்லை, சிலிண்டரின் உள்ளே குடைந்து போர் போடுகிறவன். உங்கள் பேச்சில் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

'பிஸ்டன் பிடித்துவிட்டது, பிஸ்டன் வேண்டும்' என்று ஒருத்தர் கேட்டால், உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். முதலில் ஏன் பிடித்தது என்று கேளுங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் காரணமில்லாமல் பிடிக்காது. பெட்ரோலில் ஆயில் குறைந்திருக்கும். கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்திருக்கும். டைமிங் முன்னால் போயிருக்கும். நிறைய வண்டிகளில் நான் பார்ப்பது கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் போய், அந்த வழியாகக் காற்று இழுத்து, பெட்ரோல் பற்றாமல் சூடாகிப் பிடிப்பதுதான். காரணத்தைச் சரி செய்யாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் பிடிக்கும். அப்போது போவது அவர் காசு மட்டுமா? நாட்டில் மிச்சம் இருக்கும் நல்ல பிஸ்டன்களில் ஒன்றும் சேர்ந்து போகிறது. காரணம் தெரியாமல் அரிய சாமானைக் கேட்பதை மரியாதைக் குறைவாகத்தான் நான் பார்க்கிறேன். கொடுப்பதும் அப்படித்தான்.

அடுத்து, பட்டறைக்கு வரும் முறை. சிலிண்டரை மட்டும் கொண்டுவந்து '0.50க்குப் போர் போடுங்க, பிஸ்டன் பிறகு வாங்கிக்கொள்கிறேன்' என்கிறார்கள். ரோட்கிங்கின் போர் 65 மில்லிமீட்டர் என்று புத்தகத்தில் இருக்கும், 0.50 என்றால் 65.50 என்று கணக்கு வரும். ஆனால் கையில் உள்ள பிஸ்டனின் பாவாடையை (ரிங்குக்குக் கீழே உள்ள பகுதியை) மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளி விட்டுத்தான் போர் போட முடியும். பழைய கம்பெனி பிஸ்டனும் இப்போது வரும் பிஸ்டனும் பெட்டியில் ஒரே அளவு போட்டிருந்தாலும் அளந்தால் ஒன்றாக இருப்பதில்லை. எனவே பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்தே வர வேண்டும். மண்ணும் கிரீஸுமாகக் கொண்டுவராமல் கழுவிக் கொண்டுவந்தால் இன்னும் புண்ணியம்.

பழைய ஸ்டாக் என்றதும் எல்லாவற்றுக்கும் விலை ஏற்றுகிறார்களே, அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரும்புச் சாமான் துருப்பிடிக்காமல் இருந்தால் எத்தனை வருஷமானாலும் சரி. ரப்பர் அப்படியில்லை. பெட்டி பிரிக்காத ஆயில் சீலின் உதட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப் போயிருக்கும். கேஸ்கெட், பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் ரப்பர் எல்லாம் அதே கதை. எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். கம்பெனி முத்திரை இருக்கிறது என்பதற்காகப் பழைய ஆயில் சீலை அதிக விலைக்கு விற்பது, விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், ஏமாற்றுத்தான். அதே அளவில் இன்றைக்குச் செய்த சீல் பேரிங் கடையில் கிடைக்கும்.

பழைய சாமான் கோவை:
ஆயில் சீல் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் பழைய ரப்பர் சாமானை விற்பதில்லை. அளவு பார்க்க மாதிரிக்கு வேண்டும் என்று கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவேன்.

பொள்ளாச்சி ஆர்டி:
கருவி விஷயத்தையும் பேசிவிடலாம். கிராங்க்கிலிருந்து மேக்னட்டை இழுத்துக் கழற்றும் மேக்னட் புல்லரை இரவல் வாங்கிப் போகிறவர்கள் திருப்பிக் கொடுப்பதே இல்லை. கொடுத்தாலும் மரை தேய்ந்து வருகிறது. புல்லர் இல்லாதவர் சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்ப்பார், மேக்னட்டும் கெடும், கிராங்க்கும் கோணும். அதனால்தான் இரவல் கேட்டால் மனசு கேட்காமல் கொடுக்கிறோம். இப்போது நான் வேறு மாதிரி செய்கிறேன். கருவியை வெளியே அனுப்புவதில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வரச் சொல்லி, வாசலில் வைத்துக் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன். டீயும் ஆச்சு, இன்னொரு வண்டியைப் பார்த்த மாதிரியும் ஆச்சு.

கரூர் ரோட்கிங்:
வணக்கம் அண்ணா. நான் புதுசு. கேட்கவே பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். எங்கள் பெரியப்பாவின் ரோட்கிங் என்னிடம் வந்திருக்கிறது. அதுவும் பிஸ்டன் பிடித்துத்தான் நிற்கிறது. நிஜமாகவே பெரியப்பா வண்டிதான்! இதைப் படித்த பிறகு யார் என்னை நம்பிச் சாமான் கொடுப்பார்கள்? முன்பு ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டபோது, 'ஹெட்டை நீயே கழற்றினாயா, இனி அது இரும்புக் கடைக்குத்தான்' என்று பேசினார்கள். அதற்குப் பிறகு எங்கேயும் கேட்கவில்லை. புதியவர்கள் எப்படிக் கேட்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

தாராபுரம் ராஜ்தூத்:
தம்பி, பயப்படாதீர்கள். இந்த மண்ணில் பிறந்த ஜி.டி. நாயுடு ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அக்கக்காகக் கழற்றி மறுபடி மாட்டித்தான் இயந்திரத்தைப் படித்தார். வண்டியைத் திறந்து பார்த்ததற்காக ஒருத்தரைக் கேவலமாகப் பேசுவது நம் பக்கத்துப் பழக்கமே இல்லை. அப்படிப் பேசியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

கேட்கும் முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. எந்த வருஷத்து வண்டி, ஏற்கெனவே போர் போட்டதா, பிஸ்டன் தலையில் என்ன அளவு குத்தியிருக்கிறது, நிற்கும் முன்பு என்ன சத்தம் வந்தது, பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலந்தீர்கள், இவற்றை எழுதுங்கள். சிலிண்டரின் உள்சுவரை வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். எஞ்சின் நம்பரை முழுசாகப் போடாதீர்கள், ஆர்.சி. படத்தைப் பொதுவில் போடவே கூடாது. நம்பரை உரசி வேறு நம்பர் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

வேலை முடிந்த பிறகு என்ன செய்து சரியானது என்று திரும்ப வந்து சொல்லுங்கள். பத்துப் பேர் யோசனை சொல்கிறார்கள், கேட்டவர் வண்டி ஓடியதும் காணாமல் போகிறார். எந்த யோசனை பலித்தது என்று அடுத்தவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

தாராபுரம் ராஜ்தூத்:
இன்னொன்று. தலைப்பை விட்டு விலகுகிற மாதிரி இருக்கும், ஆனால் எனக்கு இதுதான் ரொம்ப நாளாக வலிக்கிறது.

ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டால், கருமாதி முடிவதற்குள் வண்டியைக் கேட்டு ஆள் வந்துவிடுகிறது. எங்கள் சொந்தத்திலேயே நடந்தது. அவரிடம் ராஜ்தூத் 175 இருந்தது. போலந்து நாட்டு எஸ்எச்எல் வண்டியை வைத்து இங்கே செய்தார்களே, அந்தப் பழைய மாடல். பால் கேன் கட்டி ஓட்டிய வண்டி, கேரியர் கம்பியில் கேன் உரசிய தடம்கூட இருக்கும். வயசான பிறகு மாட்டுச்சாளை ஓரமாகச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். வந்த ஆள் அந்த அம்மாவிடம், 'இது இரும்பு விலைக்குத்தான் போகும், இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே' என்று பேசி, ஒரு கைக்காசைக் கொடுத்துவிட்டு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பேரன் ஊரிலிருந்து வந்து பார்த்தால் வண்டி இல்லை. அந்தப் பையன் அழுததை நான் நேரில் பார்த்தேன்.

அந்த வீட்டுக்கு அது என்ன விலை பெறும் என்று தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தவர் தெரியாதவரிடம் உண்மை விலையைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். 'பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள் அம்மா, அவசரமில்லை' என்று சொல்லிவிட்டு வர வேண்டும். துக்க வீட்டில் வண்டிப் பேச்சே எடுக்கக் கூடாது.

அவசரமாக ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்குப் பேப்பர் விஷயத்திலும் பிறகு தலைவலிதான். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு பேருக்கு மாற்ற ஃபார்ம் 31 கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் முறையான விற்பனைக்கு ஃபார்ம் 29, 30. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, அசல் வடிவம் மாறாத இருசக்கர வண்டியை 'விஏ' எழுத்து வரும் தனி நம்பரில் பழமை வாகனமாகப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவு செய்தால் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது, அது வேறு விஷயம். பழைய ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் துண்டு எல்லாம் அந்த வீட்டு அலமாரியில்தான் இருக்கும். நிம்மதியாகப் பேசி வாங்கியிருந்தால் அந்த அம்மாவே தேடி எடுத்துக் கொடுத்திருப்பார்.

பெருந்துறை புல்லட்:
பெரியவர் சொன்னதை எங்கள் வட்டத்தில் அப்படியே படித்துக் காட்டப்போகிறேன்.

பழைய சாமான் கோவை:
வண்டி வாங்குவதில் நான் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களில் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு, மறைக்க மாட்டேன். நானும் சொல்லிப் பார்க்கிறேன்.

பொள்ளாச்சி ஆர்டி:
பேரைச் சொல்ல மாட்டேன் என்று கோபி அண்ணா நிற்கிறார். அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு அதே ஆள் எனக்குப் போன் போட்டு, 'தாத்தா வண்டி' என்பார். தெரியாமல் நானும் கொடுப்பேன். நல்லவர்களைக் காப்பாற்றவாவது சொல்ல வேண்டாமா?

கோபி யெஸ்டி:
யோசித்தேன் தம்பி. பொதுவில் போட்டால், அவர் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் பேச்சுப் போகும். ஒரு பிஸ்டனுக்கு அது அதிகம். அவரிடம் நேரில் பேசுகிறேன், பெட்டியைத் திருப்பிக் கேட்கிறேன். உங்களிடம் யாராவது சாமான் கேட்டு, சந்தேகமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், அந்த ஆளா இல்லையா என்று மட்டும் சொல்கிறேன்.

இனிமேல் நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். சாமானை ஆளுக்குக் கொடுக்க மாட்டேன், வண்டிக்குக் கொடுப்பேன். துண்டுச் சீட்டில் வண்டியின் பதிவு நம்பர், எதற்காக, என்ன விலை, தேவைப்படாவிட்டால் என்னிடமே திரும்ப வர வேண்டும், இவ்வளவும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். கணபதி அண்ணா சொன்ன மாதிரி ஏன் பிடித்தது என்று தெரிந்த பிறகுதான் பிஸ்டன். முடிந்தால் சிலிண்டரோடு பட்டறைக்கு நேரே போகும். ஜூலை இரண்டாம் ஞாயிறு, ஜாவா, யெஸ்டிக்காரர்கள் கொண்டாடும் ஜாவா நாளுக்கு எல்லோரும் கூடும்போது இதை எல்லார் முன்னாலும் பேசுவோம். மாற்றுக் கருத்து இருந்தால் அங்கே சொல்லுங்கள்.

கரூர் ரோட்கிங்:
அண்ணா, தாராபுரம் பெரியவர் கேட்டதை எல்லாம் எழுதுகிறேன். 1984 வண்டி. பிஸ்டன் தலையில் 25 என்று, அதாவது 0.25 ஓவர்சைஸ் என்று, குத்தியிருக்கிறது. கொஞ்ச தூரம் வேகமாகப் போன பிறகு எஞ்சின் தானாக ரேஸ் ஆனது, ஆக்சிலேட்டரை விட்டாலும் இறங்கவில்லை, அப்புறம் கிறீச்சென்று பின்சக்கரம் நின்றது. ஆயில் லிட்டருக்கு 40 மில்லி கலந்திருந்தேன். சிலிண்டர் சுவரில் எக்ஸாஸ்ட் பக்கம் வெள்ளையாக இரண்டு கோடு. படம் போட்டிருக்கிறேன்.

கணபதி லேத்:
தம்பி, தானாக ரேஸ் ஆனது என்றால் எங்கேயோ காற்று இழுக்கிறது. நான் முதலில் கிராங்க் ஆயில் சீலைத்தான் சந்தேகப்படுவேன். மேக்னட் பக்கம் சீல் ஓரத்தில் ஆயில் கசிந்து ஈரமாக இருக்கிறதா பாருங்கள். கார்புரேட்டர் பிளாஞ்ச் கேஸ்கெட்டையும் பாருங்கள்.

அந்த வெள்ளைக் கோடு பிஸ்டனின் அலுமினியம் சுவரில் ஒட்டியது மாதிரி தெரிகிறது. உப்புத்தாள் போட்டு நீங்களே தேய்க்க வேண்டாம். அதைக் கரைத்து எடுத்துவிட்டு அளந்தால் சில சமயம் சிலிண்டர் தப்பிவிடும், 0.25லேயே வேறு பிஸ்டன் போட்டு ஓட்டலாம். சிலிண்டர், பிஸ்டன் இரண்டையும் கழுவி எடுத்துக்கொண்டு வாங்க. அளந்து பார்த்துவிட்டுப் பேசுவோம்.

கோபி யெஸ்டி:
0.25 என்னிடம் இல்லை தம்பி. 0.75 ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் உங்கள் சிலிண்டரில் இரண்டு போர் ஒரேயடியாகப் போய்விடும். கடைசி வழியாக வைத்துக்கொள்வோம். கோவை அண்ணா, உங்கள் மூட்டையில் ஏதாவது?

பழைய சாமான் கோவை:
0.25 ரோட்கிங் பிஸ்டன் ஒன்று இருக்கிற ஞாபகம். ராத்திரி எடுத்து அளந்து பார்க்கிறேன். என் லாபம் வைத்துத்தான் விலை சொல்வேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் கணபதி அண்ணா சிலிண்டரை அளந்து 0.25 போதும் என்று சொல்லும்வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பேன். ரிங் துருப்பிடித்திருந்தால் ரிங்குக்குக் காசு வேண்டாம். கரூர் தம்பி, சனிக்கிழமை கணபதி அண்ணா பட்டறைக்கு வருவதாக இருந்தால் சொல்லுங்கள், நான் அங்கேயே கொண்டுவந்துவிடுகிறேன்.

கரூர் ரோட்கிங்:
சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேனுங்க அண்ணா.